நிலத்தில் கால் வைக்காத கமக்காரன்

கதிர்காமநாதனுக்கு வட்டக்கச்சியில் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்ததே நடிப்பால்தான். இது யாரோ சும்மா கட்டிவிட்ட கதை இல்லை. அவருடைய மனைவி கமலாசனியே தன் வாயால் சொன்னது. அதுவும் ஒரு தடவை இல்லை, கேட்ட ஆட்களுக்கும் கேட்காத ஆட்களுக்கும் சொன்னது.

ஐம்பத்துநாலாம் ஆண்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யக் காணி கொடுக்கிறார்கள் என்று யாழ்ப்பாணப் பக்கம் முழுக்க இதே கதை. ஆனால் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். காணிக் கச்சேரி என்று ஒரு விசாரணை வைத்து, வந்து நிற்கிறவன் மெய்யான கமக்காரன்தானா என்று ஆளை மேலும் கீழும் பார்த்து, உள்ளங்கையை விரிக்கச் சொல்லித் தடவியும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கதிர்காமநாதன் அப்போது சுன்னாகத்தில் ஒரு புடவைக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். அந்தக் கையில் காய்ப்புக்கு எங்கே போவது? மனுசன் பத்து நாள் மைத்துனர் வீட்டுக் கிணற்றில் துலாக்கயிறு இழுத்தார். கொப்புளம் போட்டு, உடைந்து, தோல் தடித்துப் போகும்வரை இழுத்தார். பிறகு முழங்கால்வரை சேற்றைப் பூசிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு கச்சேரிக்குப் போய் நின்றார். "வெள்ளாமையைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் குனிந்து, அந்தக் கந்தோர்த் தரையில் கிடந்த தூசியைக் கிள்ளி மணந்து பார்த்து, "ஐயா, இது மிளகாய்க்குத் திறமான மண்" என்றாராம். இருந்த உத்தியோகத்தர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படிச் சிரிக்க வைத்தவனுக்கு இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? காணி கிடைத்தது.

காணிப் பேர்மிட்டில், அதாவது அனுமதிப் பத்திரத்தில், கதிர்காமநாதன் என்று பெயர் எழுதி, கீழே நிபந்தனையும் எழுதியிருந்தார்கள். காணிக்காரர் காணியிலேயே குடியிருந்து தானே நின்று கமம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அரசாங்கம் காணியைத் திருப்பி எடுத்துவிடும். கமலாசனி அதை மூன்று தரம் எழுத்தெழுத்தாக வாசித்தா. கதிர்காமநாதன் பேர்மிட்டில் இருந்த முத்திரையின் வடிவை மட்டும் பார்த்தார்.

கமலாசனி மூன்று தரம் வாசித்ததற்குக் காரணம் இருந்தது. கலியாணம் முடித்து ஆறு வருசம் அவா இருந்தது தமையன் வீட்டில், தமையன் மனைவியின் குசினிக்குப் பின்னால் இறக்கிய ஒரு சாய்ப்பில். ஒரு கரண்டி உப்பு எடுப்பதென்றாலும் கேட்டு எடுக்க வேண்டும். கேட்டால் அண்ணி உப்பைத் தருவா, கூடவே ஒரு பெருமூச்சும் விடுவா. சொந்தமாக ஒரு அடுப்பு, அதில் தான் விரும்பின நேரம் நெருப்பு மூட்டலாம் என்பதற்காகவே கமலாசனி பாம்புக்கும் யானைக்கும் பயப்படாமல் இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவா. "செத்தாலும் அந்தச் சாய்ப்புக்குத் திரும்பிப் போகமாட்டன்" என்று வந்த அன்றைக்கே அடுப்புக் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தா.

முதல் இரண்டு வருசமும் குறை சொல்ல ஏலாது. கதிர்காமநாதன் மண்வெட்டி பிடித்தார், வரம்பு கட்டினார், பன்றி வராமல் காவல் இருந்தார். பக்கத்து வயல்காரர் ஏரம்பர், வெற்றிலை போட்ட வாயை ஒருநாளும் மூடாத மனுசன், "தம்பி கொஞ்சம் பிந்தித்தான் எழும்பும், ஆனா வேலையில பிழையில்லை" என்று நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார். மூன்றாம் வருசம் வந்து சேர்ந்தது சனியன். அதற்கு ஒலிபெருக்கி என்று பெயர்.

கிளிநொச்சிச் சந்திக்குக் கிட்ட சரீப் நானா என்று முல்லைத்தீவுக்காரர் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிள் திருத்துவார், வாடகைக்கும் கொடுப்பார். அதோடு ஒரு பழைய காரும், கூரையில் கட்ட இரண்டு ஒலிபெருக்கிக் குழலும் வைத்திருந்தார். கோயில் திருவிழா, புதுப்படம், அம்மைத் தடுப்பூசி போடுகிற நாள், எது என்றாலும் அந்தக் கார்தான் ஊரூராகப் போய் அறிவிக்கும். ஒருநாள் அறிவிக்கிற ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. யூரியா வாங்கச் சந்திக்கு வந்த கதிர்காமநாதனைப் பார்த்து நானா, "தம்பி, ஒரு ரெண்டு மைலுக்கு வாசிச்சு விடுங்களன்" என்றார். அவர் காரில் ஏறினார். அதோடு சரி. யூரியா ஐந்தாம் நாள்தான் வீட்டுக்கு வந்தது.

குரல் என்றால் குரல்தான், அதை மறுக்க ஏலாது. "அன்பார்ந்த பொதுமக்களே!" என்று அவர் ஒரு இழுப்பு இழுத்தால் வயலில் குனிந்து நின்ற சனம் நிமிரும், மாடு அசைபோடுகிறதை நிறுத்தும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரித்தான் வாசிப்பார். பரந்தன் பக்கத்தில் ஒரு பெரியவர் செத்துப்போக, மரண அறிவித்தலை இவரிடம் கொடுத்தார்கள். "இன்று மாலை சரியாக நான்கு மணிக்கு! உங்கள் அபிமானத்துக்குரிய பெரியவரின் பூதவுடல்! ஒரேயொரு நாள் மட்டும்! காணத் தவறாதீர்கள்!" என்று மூன்று ஊருக்கு முழங்கிவிட்டார். கேட்ட கமலாசனிக்கு வெட்கத்தில் காது சுட்டது. செத்தவீட்டுக்காரர் தடியோடு வருவார்கள் என்று படலையைக் கட்டி வைத்தா. வந்தார்கள்தான். ஆனால் வாழைக்குலையோடு வந்தார்கள். அப்பர் உயிரோடு இருந்த காலத்தில் நாலு பேரும் வராத வீட்டுக்கு அறுநூறு சனம் வந்ததாம்.

அந்த வாழைக்குலைதான் மனுசனைக் கெடுத்தது. அடுத்த வருசம் நாடகம்.

ஊர்ப் பெடியள் சேர்ந்து கோயில் வெளியில் ஒரு ராசா நாடகம் போட்டார்கள். ராசா கதிர்காமநாதன். அவர் பட்டத்து யானை மேல் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. வன்னியில் யானைக்கா குறை, ஆனால் மேடைக்கு வருகிற யானை இல்லை. ஏரம்பரின் எருமை நாம்பனைப் பிடித்து, வாழைமடலில் தும்பிக்கை கட்டி, மேலே பட்டு விரித்து யானையாக்கினார்கள். பட்டுக்கு எங்கே போனார்கள்? கமலாசனியின் தகரப்பெட்டிக்குள். கலியாணக் கூறைச்சேலை! அவா சபையில் இருந்து அதைக் கண்டு நெஞ்சில் கை வைக்க, ராசா வாளை உயர்த்தி, "ஆரங்கே!" என்று அந்தக் குரலில் ஒரு சத்தம் போட்டார். எருமை வெருண்டது. தும்பிக்கை ஒரு பக்கம் விழ, ராசாவையும் கூறையையும் சுமந்துகொண்டு சபையைப் பிளந்து ஓடிப் போய் வாய்க்காலில் படுத்துவிட்டது. சனம் எல்லாம் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலே ஓடி, வாய்க்கால் கரையில் இருந்து மிச்ச நாடகத்தைப் பார்த்தது. அவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று வசனம் முழுக்கப் பேசி முடித்தார். கைதட்டல் அடங்கக் கன நேரம் எடுத்தது. கூறைச்சேலையின் சேறு மட்டும் பிறகு ஒருநாளும் போகவில்லை. கமலாசனி பத்து நாள் அவருக்குச் சோறு போட்டா, முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நடிப்பு முடிய வீரம் பிடித்தது. இரணைமடுக் குளத்தைக் குறுக்கே நீந்துகிறேன் என்று தானே தன்னைப் பற்றி மூன்று நாள் ஒலிபெருக்கியில் அறிவித்தார். முதலை இருக்கிற குளம். சனம் கட்டுச்சோற்றோடு அணைக்கட்டில் வந்து குந்தியது. மனுசன் கால்வாசித் தூரம் வடிவாக நீந்தினார், அரைவாசிக்குக் கிட்ட மூச்சு வாங்க, தண்ணீருக்குள் நின்ற பட்டமரம் ஒன்றில் ஏறிக் குந்திக்கொண்டார். முதலை வந்ததா? அவர் வந்தது என்றார், மீன்பிடிகாரர் அது மரக்கொம்பு என்றார்கள். இரண்டு மணித்தியாலம் மரத்தில் இருந்தபடியே கரைச் சனத்துக்கு முதலைகளின் குணங்களைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார். கடைசியில் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறங்கினவருக்கு மாலை வேறு.

இதெல்லாம் நடக்கிற காலத்தில் வயலை யார் பார்த்தது? கேட்க வேண்டுமா? பலகை அடித்துச் சேறு மட்டமாக்கினது கமலாசனி, விதைத்தது கமலாசனி. தண்ணீர் முறை வந்தால் கணவனின் பழைய சேர்ட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நின்றது கமலாசனி. கமக்காரர் கூட்டத்தில் "கதிர்காமநாதன்!" என்று இடாப்புக் கூப்பிட்டால், "ஓம்" என்று எழும்புகிறதும் அவாதான். முதலில் சனம் சிரித்தது, பிறகு பழகிவிட்டது. விளைந்த நெல்லு அவர் கண்ணுக்கு மூட்டையாகத்தான் தெரியும், பயிராக அவர் கண்டு ஏழெட்டு வருசம்.

அறுபத்துநாலில் குடியேற்ற உத்தியோகத்தராக யோகலிங்கம் என்று ஒரு புது மனுசன் வந்தார். சனம் சீ.ஓ. ஐயா என்று கூப்பிடும். சிரிக்கவே மாட்டார். அவர் சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதுவதற்கு, மற்றது வெட்டுவதற்குச் சிவப்பு மை. வந்த மூன்றாம் மாதம் யாரோ ஒரு புண்ணியவான் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டான். "கதிர்காமநாதன் என்பவர் கமக்காரர் அல்ல. அவர் பாடகர், நடிகர், நீச்சல்காரர். காணியில் அவர் கால் பட்டதைக் கண்டவர் ஒருவரும் இல்லை." அப்படியே உண்மை. அதுதான் கமலாசனிக்கு இன்னும் ஆத்திரம். பாடகர் என்றது மட்டும்தான் பொய்.

கந்தோர்க் கடிதம் வந்தபோது கதிர்காமநாதன் வீட்டில் இல்லை. அவர் கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்து வெளியில் சைக்கிளில் இருந்தார். மூன்று நாளாக இருந்தார்.

அது அவருடைய ஆகப் பெரிய சாகசம். ஐந்து நாள், இரவு பகலாக, கால் நிலத்தில் படாமல் சைக்கிள் ஓட்டம். சரீப் நானாதான் சைக்கிளும் கொடுத்து, கடதாசிக் கொடியும் கட்டி, ஒலிபெருக்கியும் வைத்து நடத்தினார். சைக்கிளில் இருந்தபடியே சாப்பாடு, சைக்கிளில் இருந்தபடியே முழுக்கு, சைக்கிளில் இருந்தபடியே முகச்சவரம். மற்ற அலுவலுக்கு ஒரு மூலையில் படங்குத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். உள்ளே எப்படி என்று கமலாசனியே கேட்கவில்லை, நாங்களும் விடுவோம். ஐந்தாம் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு இறங்கினால் பொன்னாடையும் பதக்கமும் என்று நோட்டீஸ் அடித்தாயிற்று.

கடிதத்தில், வருகிற வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் காணிக்காரர் தன்னுடைய வயலில் நேரில் நிற்க வேண்டும், நில்லாவிட்டால் பேர்மிட் இரத்து என்று எழுதியிருந்தது. ஐந்தாம் நாள் என்பது அதே வெள்ளிக்கிழமை. கமலாசனி வாசித்த இடத்திலேயே இருந்துவிட்டா. அண்ணியின் பெருமூச்சு அப்படியே காதில் கேட்டது.

அடுத்த நாள் காலமை பஸ் ஏறிப் போனா. வெளியைச் சுற்றிச் சனம். நடுவில் அவர், கண் இரண்டும் கோவைப்பழம், கழுத்தில் ஒரு தகரக் குழல் தொங்குகிறது. "இதோ, நான்காம் நாளாக, நமது வீரர்!" என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு வருகிறார். அவர் நிற்க ஏலாது, கமலாசனி பின்னால் ஓட ஏலாது. ஆகவே கயிற்றோரம் நின்று, அவர் தன்னைக் கடக்கிற கடக்கிற நேரம் ஒவ்வொரு வசனமாகச் சொன்னா.

முதல் சுற்று: "கடுதாசி வந்திருக்கு!"

"அன்பார்ந்த பொதுமக்களே, வாழ்த்துக் கடிதங்கள் வந்து குவிகின்றன!" என்று அவர் குழலில் முழங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் சுற்று: "வாழ்த்து இல்லை, காணிக் கந்தோர்!"

மூன்றாம் சுற்று: "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வயலில நிக்கட்டாம்!"

"ஆறு மணிக்குப் பிறகு வாறன் எண்டு சொல்லு!"

நாலாம் சுற்று: "சீ.ஓ. என்ன என்ர மச்சானே, நான் சொல்லக் கேட்க?"

ஐந்தாம் சுற்று: "நிக்காட்டிக் காணி போகும்! கேட்டதோ? காணி போகும்!"

அதற்குப் பிறகு இரண்டு சுற்று அவர் குழலை வாயில் இருந்து எடுத்துவிட்டு மிதித்தார். எட்டாம் சுற்றில் மெல்ல, "கமலம், நாளைக்குப் பதக்கம் தரப் போகினம்" என்றார்.

கமலாசனிக்குப் பத்து வருசத்துக் கோபமும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. "சுத்துங்கோ! நல்லாச் சுத்துங்கோ! நான் போய் அண்ணியிட்டை உப்புக்குக் கை ஏந்துறன். நீங்கள் பதக்கத்தைக் கரைச்சுக் குடியுங்கோ!" என்றுவிட்டுத் திரும்பி நடந்தா. சுற்றி நின்ற சனம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு கட்டம் என்று நினைத்துக் கைதட்டியது.

வெள்ளிக்கிழமை. மார்கழி மழை விட்டு இரண்டு நாள், வெயில் பளீரென்று அடித்தது. கமலாசனி வயல் வரம்பில் நின்றா. துணைக்கு ஏரம்பர். பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் கிடக்க ஜீப்பில் சீ.ஓ. வந்து இறங்கினார். வாய்க்கால் கட்டில் நின்ற மருதமரத்துக்குக் கீழே காணிக் கோப்பை விரித்தார்.

"கதிர்காமநாதன் எங்கே?"

"ஐயா, அவர் ஒரு அலுவலாக் கிளிநொச்சிக்கு..."

"சைக்கிள் ஓடவோ?" யோகலிங்கம் சட்டைப்பையில் இருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் மணிக்கூட்டைப் பார்த்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். ஏரம்பர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஐயா, பன்னிரண்டுக்கு இன்னும் நாலு நிமிசம் கிடக்கு" என்றார். அந்த நாலு நிமிசத்துக்குக் கமலாசனி கும்பிடாத தெய்வம் இல்லை.

அப்போதுதான் தூரத்தில் கேட்டது. "அன்பார்ந்த பொதுமக்களே!"

வாய்க்கால் கட்டு நீளத்துக்கு வந்தது பெரிய ஊர்வலம். முன்னால் சரீப் நானாவின் கார், கூரையில் குழல். பின்னால் சைக்கிளில் கதிர்காமநாதன். அதற்குப் பின்னால் நடந்தும் ஓடியும் மாட்டுவண்டியிலும் பாதிக் கிளிநொச்சி. நடந்தது இதுதான்: கமலாசனி திட்டிவிட்டுப் போன பிறகு மனுசன் சோறு தின்னவில்லை. விடிய, சரீப் நானா நோட்டீசை எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கால் நிலத்தில படப்படாது எண்டுதானே கிடக்கு? சக்கரம் இந்த வெளிக்குள்ளதான் சுத்தோணும் எண்டு எங்கயும் இல்லையே" என்றிருக்கிறார். ஐந்து மைலும் கால் ஊன்றாமல் வந்துவிட்டார்.

கமலாசனிக்கு அவரைக் கண்டதும் அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமை வந்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

"வந்திட்டன் ஐயா!" என்று கத்திக்கொண்டு கதிர்காமநாதன் சீ.ஓ.வைக் கடந்து போனார். நிற்க ஏலாதே! கட்டின் அந்தத் தலைப்பில் திரும்பி மறுபடி வந்தார்.

"இறங்கும்!" என்றார் யோகலிங்கம்.

"ஆறு மணிக்கு இறங்குவன் ஐயா! கேக்கிறதைக் கேளுங்கோ, சொல்லுறன்!"

உத்தியோகத்தருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் சட்டம் தெரிந்த மனுசன். நேரில் வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிள் வருகிற வருகிற நேரம் கேட்டார்.

"நீர்தானோ கமம் செய்யிறது?"

"என்ர குடும்பம் ஐயா!"

"என்ன நெல்லு விதைச்சனீர்?"

"நல்ல நெல்லு!"

சனம் கொல்லென்று சிரித்தது. கமலாசனி தலையில் கை வைத்தா. யோகலிங்கம் கோப்பைப் பட்டென்று மூடி, கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "சரி, உம்மட வயல் எது? அதையெண்டாலும் காட்டும் பாப்பம்."

கதிர்காமநாதன் சைக்கிளைப் பையப் பைய உருட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் முழங்காலளவு பயிர், ஒரு புல்லு இல்லாமல், மட்டம் பிடித்து, வரம்பு செதுக்கி, கண்ணுக்குள் நிற்கிற பச்சை. மற்றப் பக்கம் கோரையும் நெற்சப்பியும் மண்டிப் போய்ப் பயிர் எது புல்லு எது என்று தெரியாத ஒரு வயல். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் புல்லு வயலுக்கு நேரே கையை நீட்டினார்.

"ஐயா, பொய் சொல்லமாட்டன். அந்தா, புல்லு மண்டிக் கிடக்குதே, அதுதான். நான் ஏழு வருசம் திரும்பிப் பாக்கேல்லை. பாக்காத வயல் வேற எப்பிடிக் கிடக்கும்? அவா ஒருத்தியாலை எவ்வளவுதான் ஏலும்? பிழை என்ர பிழை. அவாவைக் குறை சொல்லாதேங்கோ."

பிறகு ஏரம்பர் கத்தினார். "டேய் அறுவானே! அது என்ர வயலடா!"

கட்டு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சிரிக்காமல் நின்றது மூன்று பேர்தான். ஒன்று ஏரம்பர். ஒன்று யோகலிங்கம். மற்றது கமலாசனி. அவா கையை நீட்டி மற்றப் பக்கத்தைக் காட்டினா. "எங்கட வயல் இது" என்றா, மெதுவாக.

கதிர்காமநாதன் அந்தப் பச்சையைப் பார்த்தார். ஒரு தலைப்பில் இருந்து மற்றத் தலைப்புவரை பார்த்தார். பார்த்துக்கொண்டே மிதிக்க மறந்து போனார். சைக்கிள் ஒரு தரம் ஆடியது, முன்சக்கரம் கட்டின் விளிம்பில் சறுக்கியது, மனுசன் சைக்கிளோடு சரிந்து போய்க் கமலாசனியின் வயலுக்குள் விழுந்தார். எழும்பி நின்றபோது இரண்டு காலும் முழங்கால்வரை சேற்றுக்குள். ஆறு மணிக்கு இன்னும் ஐந்தரை மணித்தியாலம் இருந்தது. சரீப் நானா, "அல்லாவே, போச்சு!" என்று கார்க் கதவில் சாய்ந்துவிட்டார். சனம், "ஏறும், ஏறும், ஒருத்தரும் காணேல்லை!" என்று கத்தியது. கதிர்காமநாதன் சைக்கிள் கிடந்த பக்கமே திரும்பவில்லை.

"இவ்வளவும் நீயோ செய்தனீ?" என்று கேட்டார்.

"வேற ஆர்? எருமையோ?" என்றா கமலாசனி. சொல்லி முடிக்க முன்னமே கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

யோகலிங்கம் தொண்டையைச் செருமினார். "காணிக்காரருக்குத் தன்ர காணி எது எண்டே தெரியாது. இதைவிட எனக்கு வேற சாட்சி தேவையில்லை" என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் கதிர்காமநாதன் என்ற பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு கீறினார். கீறின சத்தம் கமலாசனிக்குக் கேட்டது. அவா பயந்து பின்னுக்குப் போகவில்லை, கோப்புக்கு நேர் முன்னால் வந்து நின்றா. பத்து வருசமாக உழைத்தவளுக்கு வந்த கோபம் அது.

"ஐயா, நில்லுங்கோ. வெட்டினது சரி. அவர் கமம் செய்யேல்லை, நீங்கள் வெட்டத்தான் வேணும். ஆனா செய்த ஆளை என்ன செய்யப் போறியள்? நானும் இந்தப் பேர்மிட்டை மூண்டு தரம் வாசிச்சனான். காணியில இருந்து கமம் செய்யிறவருக்குக் காணி எண்டு கிடக்கு. மீசை வைச்சவருக்கு எண்டு எங்கையெண்டாலும் கிடந்தாக் காட்டுங்கோ, நான் இண்டைக்கே மூட்டை கட்டுறன். பத்து வருசமா இதுக்குள்ள நிக்கிறன் ஐயா. இனி எங்க போறது நான்?"

யோகலிங்கம் கோப்பைத் திறந்தார். நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். முன்பக்கம் வாசித்துப் பின்பக்கமும் வாசித்தார். ஏரம்பர் எட்டிப் பார்த்து, "மீசை கிடக்குதோ ஐயா?" என்று கேட்டார். சீ.ஓ. அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, வயலுக்குள் இறங்கினார். சப்பாத்தோடே இறங்கினார். பயிரை விலக்கிப் பார்த்தார், வரம்பை மிதித்துப் பார்த்தார், கடைசியில் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மற்றப் பேனாவை எடுத்தார்.

"இந்தத் திட்டத்தில இப்பிடிப் புல்லில்லாத வயல் நான் இன்னும் காணேல்லை" என்றார். அவர் வாயில் இருந்து அந்த மாதிரி ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை. "சிபாரிசு நான் எழுதிறன். மேல இருந்து கையெழுத்து வரும், பயப்பிடாதேங்கோ. முழுப்பேரைச் சொல்லுங்கோ அம்மா."

அதுவரை எந்தக் கந்தோர்க்காரரும் அதைக் கமலாசனியிடம் கேட்டதில்லை. சொன்னா. அவர் எழுதினார். மை காயும்வரை அவா அந்த எழுத்தைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றா.

"குடும்பத்தில இருக்கிறவை?"

"ரெண்டு பெட்டையள். பிறகு... இவர்."

"இவரின்ர தொழில்?"

வாய்க்கால் கட்டில் நின்ற சனம் ஆளுக்கொன்றாகக் கத்தியது. "அறிவிப்பாளர்!" "நடிகர்!" "ராசா!" "நீச்சல் வீரர்!" "நாலரை நாள் சைக்கிள் வீரர்!" யோகலிங்கம் பேனாவைப் பிடித்தபடி கமலாசனியைத்தான் பார்த்தார். கமலாசனி கணவனைப் பார்த்தா. ஐந்து நாள் நித்திரையில்லாத முகம், சேறு, நிற்க ஏலாமல் வெடவெடக்கிற கால். இந்த வயலுக்கு வருவதற்காகத்தான் பதக்கத்தை விட்டார், விழுந்துதான் விட்டார் என்றாலும் விட்டது விட்டதுதானே. அவாவுக்கு மனம் இரங்கிவிட்டது.

"கமம் எண்டு போடுங்கோ ஐயா. இனிச் செய்வார்."

அவர் எழுதினார். கதிர்காமநாதனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. தகரக் குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, "இண்டையில இருந்து இந்த வயலில ஒரு புல்லு இருக்க விடமாட்டன், பாத்துக்கொள்ளுங்கோ!" என்று சபைக்கு அறிவித்து, அந்த இடத்திலேயே குனிந்து, ஒரு கைப்பிடி நிறையப் பிடுங்கி, வேரோடு தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

அது நெல்லு.

கமலாசனி வயலுக்குள் இறங்கினா. கிட்டப் போய், அவர் கையில் இருந்த பயிரை வாங்கி, பிடுங்கின இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி நட்டு, சேற்றை அணைத்துவிட்டா. பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தா.

"ஐயா, அந்தச் சிவப்புப் பேனையை ஒருக்கா எடுங்கோ" என்றா.